புதுப்பிப்பு: அப்பாவுக்கு வந்தது காசநோய் இல்லை

மேலூரில் இருக்கும் அப்பாவுக்கு இருமினால் ரத்தம் வருகிறது, பழைய டிபி திரும்பிவிட்டதோ என்று முன்பு கேட்டிருந்தேன். சளியில் டிபி கிருமி இல்லை. ஆனால் டிபி ஆறியபோது நுரையீரலில் விட்டுப்போன குழிக்குள் ஒரு பூஞ்சை உருண்டை இருப்பது சிடி ஸ்கேனில் தெரிந்தது. ரத்தப் பரிசோதனையில், ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற அந்தப் பூஞ்சைக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியும் இருந்தது.

இந்தப் பூஞ்சையின் வித்துகள் வைக்கோல், மக்கிய குப்பை, மண் என்று எங்கும் உண்டு. 2 முதல் 3 மைக்ரான்தான் என்பதால் நுரையீரலின் அடிவரை போய்விடும். எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம்; நல்ல நுரையீரல் அழித்துவிடும். பழைய குழி இருந்தால் அங்கே தங்கி வளரும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. இதைக் கேட்ட பிறகுதான் அம்மா பேரனை அப்பா மடியில் உட்கார விட்டார்.

இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைக் குறைந்தது 6 மாதம் சாப்பிட வேண்டும். கேப்சூலைச் சாப்பாட்டோடு போட வேண்டும். அப்பா வழக்கமாகப் போடும் அல்சர் மாத்திரை இந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்று டாக்டர் அதை நிறுத்திவிட்டார். கல்லீரல் பரிசோதனையும் அவ்வப்போது உண்டு.

வைக்கோல் போர் பிரிப்பதை இனி தம்பி பார்த்துக்கொள்வான். டிபி சிகிச்சை முடிந்தவர் யாருக்காவது இருமலும் எடைக் குறைவும் தொடர்ந்தால், பூஞ்சைப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் தயவுசெய்து கேளுங்கள்.