புகைபோக்கி வைத்த விறகடுப்பு, ஆனாலும் புகை உள்ளேதான் வருகிறது – எங்கே தவறு?

தோப்புவீடு:
வணக்கம். பின்கட்டுச் சமையலறை 10க்கு 8 அடி, நாட்டு ஓட்டுக் கூரை. செங்கல், களிமண்ணில் ஒரு பெரிய வாய், பக்கத்தில் அதிலிருந்து வரும் சூட்டில் எரியும் ஒரு கொடியடுப்பு (துணை வாய்) என்று கொத்தனார் கட்டிக் கொடுத்தார். இரண்டு வாயிலும் பாத்திரம் உட்கார மும்மூன்று குமிழ் (மண் முண்டு) இருக்கிறது. மேலே சிமெண்ட் பூச்சு. புகைபோக்கி 3 அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய். சுவரைத் துளைத்து நேராக வெளியே போய், ஒரு எல்போ போட்டு மேலே திரும்பி, இறவாணத்துக்கு (கூரையின் கீழ் விளிம்பு) ஒரு அடி மேலே நிற்கிறது. எரிப்பது தென்னை மட்டை, சிரட்டை, சீமைக்கருவேலம். பற்றவைத்த முதல் கால் மணி நேரம் கண்ணைத் திறக்க முடியவில்லை. அதன் பிறகும் பாதிப் புகை உள்ளேதான். பூச்சிலும் விரிசல். இடித்துக் கட்டணுமா, சரிசெய்ய முடியுமா?

மண்ணடுப்பு:
இடிக்க வேண்டாம். முதலில் குமிழை எடுத்துவிடுங்கள். முக்கால்வாசிப் புகை அதன் வழியாகத்தான் வருகிறது. குமிழ் என்பது புகைபோக்கி இல்லாத அடுப்புக்கு உரியது. பாத்திரத்துக்கும் வாய்க்கும் நடுவே இடைவெளி விட்டால்தான் அங்கே தீ மூச்சு விடும். புகைபோக்கி வைத்துவிட்டால் கதை தலைகீழ். பாத்திரம் வாய் விளிம்பில் முழுவட்டமும் ஒட்டி உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் புகை அதன் வழியே வெளியேறும். இல்லையென்றால் குழாய் அறைக் காற்றை அதன் வழியே இழுத்துக்கொண்டு, விறகுப் பக்கம் இழுவையை விட்டுவிடும்.

குமிழைச் செதுக்கிய பிறகு, நீங்கள் அதிகம் வைக்கும் பாத்திரத்தையே ஈரமண்ணில் அமுக்கி, சுற்றித் திருகி எடுங்கள். விளிம்பு அந்த அளவுக்கே அமைந்துவிடும். சின்னப் பாத்திரத்துக்கு இரும்பு வளையம் செய்து வைத்துக்கொள்ளலாம்.

உள்ளளவுகளையும் பாருங்கள். விறகு வாய் 6க்கு 6 அங்குலம் போதும். பெரிதாக இருந்தால் குளிர்காற்று புகுந்து தீயை அணைக்கப் பார்க்கும். கிரேட்டிலிருந்து (விறகு எரியும் கம்பித் தட்டு) பாத்திரத்தின் அடி வரை 7 அங்குலம். கிரேட்டுக்குக் கீழே 4 அங்குலம் சாம்பல் குழி, முன்பக்கம் திறந்தபடி. பெரிய வாயிலிருந்து கொடியடுப்புக்குப் போகும் சுரங்கம் 4 அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம், போகப் போகச் சற்றே மேலேறும்படி. கொடியடுப்பின் நடுவில் மண்ணால் ஒரு மேடு வையுங்கள். மேட்டின் உச்சிக்கும் பாத்திரத்தின் அடிக்கும் ஒரு அங்குலம். அந்த மேடு இல்லையென்றால் சூடு பாத்திரத்தைத் தொடாமலே கீழாக ஓடிவிடும். ஒரு அங்குலத்துக்குக் குறைந்தாலோ புகை அங்கேயே தேங்கிப் பின்வாங்கும்.

சிமெண்ட்டைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். சூட்டில் அது நீர்ச்சத்தை இழந்து உதிரும், மண்ணோடு ஒத்து விரியாது. அதற்குப் பதில் மண் பூச்சு: புற்றுமண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, கொஞ்சம் உமி அல்லது விரலளவு வெட்டிய வைக்கோல், சாணி. மிதித்துப் பிசைந்து இரண்டு நாள் புளிக்க விடுங்கள். ஒரு உருண்டையைக் காயவைத்துப் பாருங்கள்: விரிசல் விட்டால் மணல் கூட்டணும், கையில் உதிர்ந்தால் மண் கூட்டணும். பங்கு அளவைவிட இந்தச் சோதனைதான் முக்கியம், ஏனென்றால் மண் ஊருக்கு ஊர் மாறும். பூசியபின் பத்து நாள் நிழலில் காயட்டும். அப்புறம் மூன்று நாள் சுள்ளித் தீ மட்டும். ஈரத்தோடு பெருந்தீ போட்டால் உள்ளே ஆவி கட்டி மண் வெடிக்கும்.

பட்டறை:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் குழாயை அப்படியே விட்டால் குமிழ் எடுத்தும் பயன் இல்லை. 3 அங்குலக் குழாயின் குறுக்குப் பரப்பு 7 சதுர அங்குலம். 4 அங்குலம் என்றால் பன்னிரண்டரை. ஒரு அங்குல வித்தியாசம்தானே என்று தோன்றும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

90 டிகிரி எல்போ வேண்டாம். அதில்தான் கரி தேங்கும், இழுவையும் குறையும். குழாய் அடுப்பிலிருந்தே செங்குத்தாக எழுந்து ஓட்டைத் தாண்டட்டும். அறைக்குள்ளேயே மேலேறும் குழாய் சூடாகவே இருக்கும், அதனால் நன்றாக இழுக்கும். வெளிச்சுவர் வழியாகத்தான் வர முடியும் என்றால் இரண்டு 45 டிகிரி வளைவு போடுங்கள். உச்சி, கூரை முகட்டைவிட 2 அடி உயரமாக இருக்க வேண்டும். இறவாணத்தில் நிற்கும் குழாயில், கூரையில் மோதித் திரும்பும் காற்று புகையைக் கீழே அமுக்கும். காற்றடிக்கிற நாளில் மட்டும் புகை அதிகமானால் காரணம் அதுதான்.

முதல் 3 அடிக்கு 2 மி.மீ. கறுப்பு இரும்பு, ஜி.ஐ.யின் துத்தநாகப் பூச்சு அந்தச் சூட்டுக்கு ஆகாது. அதற்கு மேலே ஜி.ஐ. போடலாம். பி.வி.சி. குழாயை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 80 டிகிரியிலேயே இளகிவிடும். பழைய ஏ.சி. (ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்) பைப் கிடைக்கிறது என்று வாங்கி அறுக்கவும் வேண்டாம். அந்தத் தூசி ஆஸ்பெஸ்டாஸ், நுரையீரலுக்குக் கேடு. அடியில் கரி எடுக்க ஒரு மூடியுள்ள டீ (T வடிவக் குழாய் இணைப்பு) வையுங்கள். ரீப்பர், கைமரம் என்று கூரை மரம் எதுவும் குழாயிலிருந்து ஒரு அடிக்குள் இருக்கக் கூடாது.

அடுக்களை:
கட்டுவது ஒரு பக்கம், எரிப்பதும் சரியாக இருக்கணும் தம்பி. பற்றவைக்கும்போது வரும் புகைக்குக் காரணம் குளிர்ந்த குழாய். அந்த டீ மூடியைத் திறந்து, ஒரு பிடி பன்னாடையையோ காய்ந்த ஓலையையோ கொளுத்தி உள்ளே வைத்து மூடுங்கள். குழாய் சூடேறி மேலே இழுக்க ஆரம்பித்த பிறகுதான் அடுப்பில் தீ மூட்டணும். பற்றவைக்கும் முன்னாடியே இரண்டு வாயிலும் பாத்திரம் இருக்கட்டும். கொடியடுப்பில் சமைக்க ஒன்றும் இல்லையென்றால் தண்ணீர்ப் பானையாவது வைங்க.

கருவேலத்தை மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளந்து, மழைபடாமல் காற்றாட அடுக்கி ஐந்தாறு மாதம் காயவிடணும். இரண்டு துண்டைத் தட்டினால் கணீரென்று சத்தம் வரணும். பொத்தென்று கேட்டால் ஈரம் இருக்கு. சிரட்டையை ஒரு தடவைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் போடாதீங்க, குப்பென்று பிடித்து வெளியே நாக்கு நீட்டும். அரளிக் குச்சியும் பெயிண்ட் அடித்த பலகையும் வேண்டவே வேண்டாம். அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் அடுப்பு எரியும்போது போடக் கூடாது, குழாய்ப் புகையை அது உள்ளே இழுக்கும்.

சமையல் முடிந்ததும் தணலைச் சட்டியில் அள்ளி மூடிய அறைக்குள் வைக்காதீங்க. புகை தெரியாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். கேஸ் சிலிண்டரையும் இந்த அறையில் வைக்க வேண்டாம். கசிந்தால் தரையோடு படர்ந்து நேரே தீக்குத்தான் வரும்.

தோப்புவீடு:
நன்றி அண்ணா, நன்றி அம்மா. எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது, அதைத்தான் புகைக்காக ஓட்டிக்கொண்டிருந்தோம்! இரண்டு கேள்வி: ஓட்டைத் துளைத்தால் மழை ஒழுகாதா? கரியை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கணும்?

பட்டறை:
ஓட்டை உடைக்க வேண்டாம். குழாய் வரும் இடத்தில் ஓடுகளை எடுத்துவிட்டு, 2க்கு 2 அடி ஜி.ஐ. தகட்டில் துளை போட்டு, கழுத்து வைத்து அடித்து உட்காரவையுங்கள். தகட்டின் மேல் விளிம்பு மேல்வரிசை ஓட்டுக்கு அடியில் போகணும், கீழ் விளிம்பு கீழ்வரிசை ஓட்டின் மேலே வரணும். கழுத்துக்கு மேலே குழாயைச் சுற்றி ஒரு பாவாடைத் தகடு. உச்சித் தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் 4 அங்குலம் விடுங்கள், நெருக்கினால் மறுபடி புகை திரும்பும்.

காய்ந்த விறகு என்றால் மாதம் ஒருமுறை. பச்சை மட்டை எரித்தால் பதினைந்து நாள், ஏனென்றால் அதில் தார் போலப் பிசின் படியும், அது குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். கயிற்றில் தென்னை நார்க் கட்டைக் கட்டி, கீழே ஒரு கல்லைத் தொங்கவிட்டு, அடுப்பு ஆறியபின் மேலிருந்து இறக்கி இழுங்கள். கரி டீயில் விழும், அங்கே அள்ளிக்கொள்ளலாம்.