வெறும் பாட்டுதானே என்று போனேன்: சங்கரதாஸ் சுவாமிகள் பாடல் இரவு, உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

இந்தப் பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் ஊரில் வள்ளி திருமணம் நாடகம் இல்லை. மூன்று மணி நேரம் வெறும் பாட்டு. விடிய விடிய நாடகம் போட்டால் பன்னிரண்டு மணிக்கு மேல் உட்கார ஆளில்லை, செட்டுக்கும் காசு கூடிக்கொண்டே போகிறது என்று விழாக் கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசி, அந்தக் கால நாடக வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்களிலிருந்து பாட்டுகளை மட்டும் பொறுக்கியெடுத்து ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடித்துவிடுவதாக ஏற்பாடு செய்துவிட்டார்கள். நோட்டீஸில் வழக்கம்போல எல்லாருடைய போட்டோவும் இருந்தது, ஆனால் ராஜபார்ட் (கதாநாயகன் வேஷம்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேஷம்) என்று போடும் இடத்தில் 'பாடகர்' என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை.

முணுமுணுத்துக்கொண்டேதான் போய் உட்கார்ந்தேன். சுவாமிகள் பாட்டு கச்சேரிக்கென்று எழுதியதில்லை. விருத்தத்தில் ஆரம்பிக்கும், வசனத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வரும், முடிகிற இடத்தில் எதிரே நிற்கிற ஆள் பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஆளை எடுத்துவிட்டு மைக்கை மட்டும் வைத்தால் எப்படி? பயந்தபடியே ஆனது. பவளக்கொடியில் ஒன்று, கோவலனில் ஒன்று, பிரகலாதனில் ஒன்று என்று ஒருவர் பின் ஒருவராக வந்து பாடிவிட்டுப் போனார்கள். படுதா இல்லை, வேஷம் இல்லை, ராஜபார்ட் பேன்ட் சட்டையில் நின்று அர்ச்சுனன் பாட்டைப் பாடுகிறார். எப்போதும் மேடை ஓரத்தில் உட்காரும் ஆர்மோனியக்காரரை நடுவில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், பாவம் அவருக்குக் கூச்சம், தலையை நிமிர்த்தவே இல்லை. கைதட்டலும் கல்யாண வீட்டுக் கைதட்டல்தான்.

சாவித்திரி பாட்டு வந்தபோது, என் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஓர் அப்பத்தா யாரும் கேட்காமலே, "இப்ப எமன் பின்னாடியே போறா பாரு, விடமாட்டா" என்றது. அடுத்த பாட்டுக்கும் அப்படியே. விட்டுப்போன வசனத்தையெல்லாம் அதுதான் போட்டுக்கொண்டே வந்தது, சில இடங்களில் வரிக்கு வரி. முன்னால் இருந்த பையன்கள் போனை மடியில் வைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள். சுவாமிகளே எமன் வேஷம் கட்டினவர், அதைப் பார்த்துப் பயந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கரு கலைந்துபோனது, அன்றைக்கு விட்டார் வேஷத்தை, அப்புறம் வாத்தியார்தான் என்று அந்தக் கதையையும் சொன்னது. உண்மையோ பொய்யோ, நானும் சின்ன வயதிலிருந்து கேட்கிற கதை.

கடைசியில் வள்ளி. அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர், நூல் சேலை, மூக்குக்கண்ணாடி, முட்டி வலி என்று நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துதான், தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டும் ஆலோலம் பாடினார். நாரதர் பாட்டுக்கு வந்தவர் வேறு ஊர், இருவரும் சேர்ந்து பாடுவது அன்றைக்குத்தான் முதல் தடவையாம். கொடுத்த பாட்டை முடித்துவிட்டு இறங்க வேண்டிய மனுஷன், இறங்காமல் நின்று, தினைப்புனத்தில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு இத்தனை வாய் ஆகுமா என்று ஒரு கேள்வியைப் போட்டார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். அவ்வளவுதான், நாடகத்தில் வருகிற வாதப் பிரதிவாதம், தர்க்கம் பிடித்துக்கொண்டது. அவர் ஒரு விருத்தம், இவர் ஒரு பதில், பக்கத் தாளம் போடும் ஆல்ரவுண்ட்காரர் தூக்கம் கலைந்து தட்ட ஆரம்பித்தார், ஆர்மோனியக்காரர் அப்போதுதான் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திச் சிரித்தார். அந்த அம்மா நாற்காலியை எப்போது தள்ளிவிட்டு எழுந்தார் என்று நான் கவனிக்கவில்லை. பத்து மணிக்கு முடிய வேண்டியது பன்னிரண்டுக்கு முடிந்தது. பாட்டை மட்டும் பிடுங்கி நட்டார்கள், கதையும் வேரோடு வந்துவிட்டது.

இப்படிப் பாட்டு மட்டும் போட்ட ராத்திரிகளுக்குப் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

* * *

அண்ணே, எங்கப்பா முப்பது வருஷம் ஆர்மோனியம், பின்பாட்டு. அந்தக் கூச்சத்தைப் படித்ததும் அவரைப் பார்த்ததுபோலவே இருந்தது. வெவ்வேறு ஊர் நடிகர்களை ஒரு ராத்திரிக்கென்று சேர்த்துப் போடும் ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது என்பது தெரிந்திருக்கும். புதுக்கோட்டை ராஜபார்ட்டும் திண்டுக்கல் ஸ்திரீபார்ட்டும் சாயங்காலம் வேஷம் போடுகிற இடத்தில்தான் முகம் பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் நாடகம் ஓடுகிறது, ஏனென்றால் சுவாமிகள் பாடம் எல்லாருக்கும் பொது. ஆளாளுக்குக் கட்டைதான் (சுருதிதான்) வேறு. ஒருத்தர் நாலு கட்டை, அடுத்தவர் ஐந்து, வாயைத் திறந்து முதல் எழுத்து வருவதற்குள் ஆர்மோனியக்காரர் அதைப் பிடித்தாக வேண்டும்.

பாடல் நிகழ்ச்சி ஒன்றுக்கு அப்பாவும் போனார். கையில் ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து அவர் சொன்ன ஒரே குறை, நாடகமென்றால் வசனம் போகிற நேரத்தில் விரலுக்கு ஓய்வு கிடைக்கும், டீயாவது குடிக்கலாம், இதில் மூன்று மணி நேரம் துருத்தியை விடாமல் அடிக்க வேண்டியிருக்கிறது, இது பாட்டு இல்லடா, நெல் அவிக்கிற வேலை என்பதுதான்.

* * *

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. நான் போன நிகழ்ச்சியில் தர்க்கமும் வரவில்லை, அப்பத்தாவும் கிடைக்கவில்லை. 'காயாத கானகத்தே' பாடினவர் 1945-ல் வந்த ஸ்ரீவள்ளி படத்தில் டி.ஆர்.மகாலிங்கம் எங்கே இழுத்தாரோ அங்கே இழுத்து, எங்கே நிறுத்தினாரோ அங்கே நிறுத்தினார். நன்றாகத்தான் இருந்தது, ஒன்ஸ்மோரும் வாங்கினார். ஆனால் அது மகாலிங்கத்துக்கு நடந்த விழா. மைக் இல்லாத காலத்தில் பாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பா வேலனாக, கே.பி.சுந்தராம்பாள் வள்ளியாக நின்று இதே நாடகத்தை ஆடியிருக்கிறார்கள், 27 வயதில் 1933-ல் செத்துப்போன அந்த மனுஷன் பாடியதை நேரில் கேட்டவர் இன்றைக்கு யார் இருக்கிறார்கள்? பாட்டைத் தனியாக எடுத்தால் கடைசியாகப் பிரபலமாகப் பாடியவரின் குரல்தான் மிஞ்சும், எழுதியவர் போய்விடுவார் என்று எனக்குப் படுகிறது.

* * *

எழுதியவர் போய்விடுவார் என்று மேலே ஒருவர் சொன்னதற்காக இதை எழுதுகிறேன். 2019-ல் சினிமா நடிகர் சங்கத் தேர்தலில் ஓர் அணி சுவாமி சங்கரதாஸ் பெயரை வைத்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறதா? அன்றைக்குத்தான் என் மகன் "யாருப்பா அவரு?" என்று கேட்டான். சொன்னேன். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், அப்புறம் நாற்பது நாடகம் வரை எழுதியவர் என்று. அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார், இந்தச் சங்கதியை எழுதி வைத்திருப்பவர் அந்த நாடகத்தில் நடித்த டி.கே.சண்முகம் என்றதும்தான் நிமிர்ந்தான். "ஒரே நைட்டா, ஆயிரம் ரெண்டாயிரம் வரி இருக்குமே?" அவனுக்கு மறுநாள் காலேஜில் அசைன்மெண்ட் கொடுக்க வேண்டியிருந்தது, அந்த வலி தெரியும்.

நாங்கள் இருப்பது புதுச்சேரி. சுவாமிகள் 1922 நவம்பர் 13-ம் தேதி இறந்தது இங்கேதான், சமாதி கருவடிக்குப்பத்தில். பக்கவாதத்தில் விழுந்து பேச்சு அடங்கிப்போன பிறகும் நாடகக் கம்பெனியை விட்டுப் போகாத மனுஷன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அங்கே யாரும் பாடவில்லை. எனக்குத்தான் சும்மா இருக்க முடியாமல் எங்கம்மா முணுமுணுக்கிற சத்தியவான் சாவித்திரிப் பாட்டு இரண்டு வரி வாயில் வந்தது, மெட்டுத் தப்பாக. மகன், யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தான், அப்புறம் போனில் பதிவு செய்துகொண்டான்.

* * *

முதல் பதிவு போட்டவன்தான். கூடுதல் இரண்டு மணி நேரத்துக்குக் காசு கொடுத்தார்களா என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். கமிட்டி கொடுக்கவில்லை, ஆனால் தர்க்கம் நடக்கும்போதே அன்பளிப்பு என்று நூறும் ஐம்பதுமாக மேடைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆர்மோனியக்காரருக்கு வேட்டி துண்டு தனியாக.

அப்பத்தாவை மறுநாள் குழாயடியில் பார்த்தேன். ராத்திரி நன்றாக இருந்ததா என்று கேட்டேன். "பபூன் இல்லாம என்னடா நாடகம்" என்று என்னைத்தான் திட்டியது, நான்தான் கமிட்டி என்று நினைத்துவிட்டதுபோல.