இன்ஸ்டாருக்குத் தமிழ் என்ன? கறிவேப்பிலைப் புழுவை முன்வைத்து

தக்கலையிலிருந்து:
அன்புள்ள குழுவினர்க்கு, பள்ளிகளுக்கான வண்ணத்துப்பூச்சி வளர்ப்புக் குறிப்பேடு 'இன்ஸ்டார்' என்ற சொல்லில் வந்து நிற்கிறது. லார்வாவுக்குப் புழு, பியூபாவுக்குக் கூட்டுப்புழு. இவற்றில் தகராறு இல்லை. முட்டையை விட்டு வந்த புழு நான்கு தடவை தோலுரித்து வளர்கிறது. ஐந்தாம் தடவை உரித்தால் வெளிப்படுவது கூட்டுப்புழு. உரிப்புகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு கட்டமும் ஓர் இன்ஸ்டார். 'உரிநிலை' சரிவருமா?

நாகர்கோவிலிலிருந்து:
'1-ம் உரிநிலை' என்றால் ஒரு தடவை உரித்த புழு என்றுதான் பிள்ளைகள் படிப்பார்கள். அது ஒரு தடவைகூட உரிக்காத புழு! ஏட்டில் எல்லாமே ஓர் எண் தள்ளிப் பதிவாகும். பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் 'மூன்றாம் பருவம்', 'ஐந்தாம் பருவம்' என்று ஏற்கெனவே சொல்கிறார்கள். புழக்கத்தில் இருப்பதையே எடுத்துக்கொள்ளலாமே.

குலசேகரத்திலிருந்து:
பருவம் நல்ல சொல்தான் அக்கா, ஆனால் இந்த ஏட்டுக்கு ஒத்துவராது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது. எந்தப் பருவத்தில் முட்டை கிடைத்தது என்று ஏட்டில் தனிக்கட்டம் இருக்கிறது. அதோடு முட்டைப் பருவம், புழுப் பருவம் என்றும் எழுதியாயிற்று. ஒரே சொல்லுக்கு மூன்று வேலை.

என் பரிந்துரை 'சட்டை'. பாம்பு சட்டை உரிக்கிறது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். முட்டையிலிருந்து வரும்போதே புழு முதல் சட்டையோடுதான் வருகிறது. ஆக 5 சட்டை, கூட்டுப்புழு ஆகும்வரை 4 உரிப்பு. எண் தானாகவே சரியாகிவிடும்.

கறிவேப்பிலையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சி கொழுந்தில் ஒவ்வொன்றாக வெளிர்மஞ்சள் முட்டை வைக்கும்; வெயில் காலத்தில் மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும். முதல் நான்கு சட்டையும் பழுப்பும் வெள்ளையுமாக, அச்சு அசல் பறவை எச்சம். ஐந்தாவது மட்டும் பச்சை. கறிவேப்பிலை அழகிக்கும் இதே கணக்குதான்.

குளச்சலிலிருந்து:
நிறத்தை நம்பி எழுதினால் எருக்கில் மாட்டிக்கொள்வீர்கள் அண்ணாச்சி. வெந்தய வரியன் புழு சின்னதிலிருந்தே வரிவரியாகத்தான் இருக்கும். எந்தச் சட்டை என்று நிறம் சொல்லாது. நீளமும் சொல்லாது. தின்னத் தின்ன உடம்பு நீளும், பட்டினி கிடந்தால் சுருங்கும். தலை ஓடு மட்டும் ஒரு சட்டைக்குள் வளராது, ஏனென்றால் அது கெட்டிப்பட்ட ஓடு. அடுத்த சட்டையில்தான் ஒரே தாவலாகப் பெரிதாகும். இந்தத் தாவல் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் அமைகிறது என்று பூச்சியியலாளர் டயர் 1890-லேயே எழுதிவிட்டார். குறிப்பேட்டில் தலை அகலம் அளக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: உரித்த தோலைப் புழு பெரும்பாலும் தின்றுவிடும். தலை ஓடு தனியாகக் கழன்று டப்பாவின் அடியில் கிடக்கும், கடுகைவிடச் சின்னதாக. தினமும் எச்சத்தைத் தட்டிக் கொட்டும்போது அதையும் கொட்டிவிடுகிறார்கள். வெள்ளைத்தாள் விரித்து வைத்தால் கண்ணில் படும்.

மார்த்தாண்டத்திலிருந்து:
'சட்டை' எனக்கும் பிடிக்கிறது. ஆனால் உரித்துப் போட்டதையும் நாம் சட்டை என்றுதானே சொல்கிறோம்? 'மூன்றாம் சட்டை கிடைத்தது' என்று எழுதினால் புழுவா, தோலா?

குலசேகரத்திலிருந்து:
தோலுக்கு 'உரி' போதும். 'பாம்புரி' என்பது பழைய சொல். போட்டிருப்பது சட்டை, கழற்றியது உரி. (நாழிக்குப் பாதியான உரி என்ற பழைய அளவை இந்த ஏட்டுக்குள் வராது, கவலை வேண்டாம்.)

மார்த்தாண்டத்திலிருந்து:
அப்படியானால் எனக்கு மறுப்பில்லை. ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துவிடுங்கள். சட்டை மாற்றுமுன் புழு தீனியை நிறுத்திவிட்டு, இலையில் மெல்லிய பட்டு விரித்து, அதில் காலை ஊன்றி அசையாமல் இருக்கும். பழைய தலை ஓடு முன்னால் தள்ளி, சின்ன முகமூடிபோல் தெரியும். நோய் என்று நினைத்துப் பிடுங்கிப் புது இலையில் விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. பட்டுப் பிடிப்பு போனால் தோலை விட்டு வெளியே வர முடியாது; பாதி உரியில் சிக்கிச் செத்துவிடும். இலையோடு வெட்டி மாற்றலாம், புழுவைத் தொடக் கூடாது. டப்பா மூடியில் நீர் கோத்தாலும் ஆபத்து. எச்சம் ஊறி நாறும், புழு கருத்துத் தொங்கும். கடையில் வாங்கிய கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். மருந்து அடித்ததாக இருந்தால் ஒரே நாளில் எல்லாம் போய்விடும்.

தக்கலையிலிருந்து:
சரி, 'சட்டை', 'உரி' இரண்டையும் ஏற்றுவிடுகிறேன். கடைசியாக ஒன்று. ஐந்தாம் சட்டைப் புழு தீனியை விட்டு, நீராகக் கழிந்து, அலைந்து திரிந்து, குச்சியில் வால்நுனியைப் பொருத்தி, இடுப்பைச் சுற்றிப் பட்டுநூல் கட்டிக்கொண்டு ஏறக்குறைய ஒரு நாள் வளைந்து கிடக்கிறதே, அதை ஆறாம் சட்டை என்பதா?

குளச்சலிலிருந்து:
கிடையாது. அப்போதும் போட்டிருப்பது ஐந்தாம் சட்டைதான். 'சட்டை 5, நூல் கட்டியது' என்று எழுதச் சொல்லுங்கள். எருக்குப் புழு நூல் கட்டாது, தலைகீழாகத் தொங்கும். அதற்கு 'சட்டை 5, தொங்கியது'.