துயரத்தில் இருப்பவரிடம் விசுவாசத்தைப் பகிர்வது எப்படி?

கேள்வி (பெரம்பூர்): என்னுடன் பணிபுரியும் சகோதரி ஒருவர், கணவரை இழந்தபின் யாருடனும் பேசுவதில்லை, கிறிஸ்து எனக்குத் தந்த ஆறுதலை, அவர் மனம் நோகாதபடி எவ்வாறு பகிர்ந்துகொள்வது?

மறுமொழி (சைதாப்பேட்டை): மனிதர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு பரலோகப் பிதாவை மகிமைப்படுத்தும்படி உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்று மத்தேயு 5:16-இல் இயேசு சொல்கிறார்; அங்கே அவர் நற்கிரியைகளைத்தான் குறிப்பிடுகிறார். 2015 டிசம்பர் வெள்ளத்தில், மின்சாரம் இல்லாத எங்கள் தெருவுக்குள், சபையைச் சேர்ந்த அம்மா ஒருவர் முழங்கால் தண்ணீரில் சோற்றுப் பொட்டலங்களோடு வந்து, யாருடைய மதத்தையும் விசாரிக்காமல் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் காரணம் கேட்ட பிறகே அந்த அம்மா இயேசுவைப் பற்றிப் பேசினார். நீங்களும் முதலில் அந்தச் சகோதரியோடு அமர்ந்து சாப்பிடுங்கள்.

மறுமொழி (தாம்பரம்): உண்மைதான், ஆனால் மௌனமாகவே இருந்துவிடவும் கூடாது. நம்பிக்கையைக் குறித்துக் கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி 1 பேதுரு 3:15 கூறுகிறது.

கேள்வி கேட்டவர்: நன்றி, ஐயா. நாளை அவருக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறேன்.