7 பேர், சிங்கப்பூர் குரூஸ்: இரண்டு கேபினா, மூன்று கேபினா?

தென்றல்77

டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் 4 இரவு குரூஸ் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பினாங்கு, புக்கெட் ரூட். மொத்தம் 7 பேர்: நாங்கள் இருவர், பையன் 13, பெண் 8, மாமனார் 72, மாமியார் 68, நாத்தனார் 29. மாமனாருக்கு மூட்டுவலி, ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்திருப்பார்.

"4 பேருக்கு ஒரு கேபின், 3 பேருக்கு ஒரு கேபின், இரண்டுமே இன்சைட் (ஜன்னல் இல்லாத உள்ளறை), இதுதான் மலிவு" என்கிறார் ஏஜென்ட். அறை எண் கேட்காமல் கேரண்டி கேபினாக எடுத்தால் இன்னும் குறையுமாம். எல்லோருக்கும் பால்கனி போட்டால் கட்டுப்படியாகாது. இரண்டு கேபின் போதுமா, மூன்று வேண்டுமா? யாரை யாரோடு போடுவது? டெக் பிளானில் (கப்பலின் தள வரைபடம்) எதைப் பார்த்து அறை எண்ணைப் பிடிப்பது?

நங்கூரம்

முதலில் விலை போடும் முறையைப் பாருங்கள். ஹோட்டல் மாதிரி அறைக்கு வாடகை கிடையாது, தலைக்குத்தான் விலை. ஒவ்வொரு கேபினிலும் முதல் இருவருக்கு முழுக் கட்டணம். 3ஆவது, 4ஆவது ஆளுக்குப் பெரும்பாலும் குறைத்துப் போடுவார்கள். ஒரே ஆள் தங்கினாலும் அநேகமாக இருவர் கட்டணம்தான். துறைமுக வரியும் தினசரி கிராச்சுட்டியும் (கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ்) தனி. மூன்றாவது ஆள் என்பதற்காக அவை குறைவதில்லை. ராயல் கரீபியன் கப்பல் கம்பெனியில் சாதாரண கேபினுக்குத் தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 18 அமெரிக்க டாலர் கிராச்சுட்டி. உங்கள் 7 பேருக்கு 4 நாளில் அதுவே 500 டாலரைத் தாண்டும். ஏஜென்ட் சொல்லும் தொகையில் இது சேர்ந்திருக்கிறதா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

இப்போது உங்கள் குடும்பத்துக்கே கணக்குப் போடலாம். விலைகள் வெறும் உதாரணம்தான்: இன்சைட் முழுக் கட்டணம் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பால்கனி 900. 3ஆவது, 4ஆவது ஆளுக்கு இன்சைடில் 300, பால்கனியில் 400. வரியும் கிராச்சுட்டியும் சேர்த்துத் தலைக்கு 250.

இன்சைட் இரண்டு கேபின், 4+3: முழுக் கட்டணம் 4 பேருக்கு 2400, குறைந்த கட்டணம் 3 பேருக்கு 900, வரி வகையறா 1750. மொத்தம் 5050.

இன்சைட் மூன்று கேபின், 3+2+2: 3600, 300, 1750. மொத்தம் 5650.

இரண்டு இன்சைட், மாமனார் மாமியாருக்கு மட்டும் ஒரு பால்கனி: 1800, 2400, 300, 1750. மொத்தம் 6250.

பால்கனி இரண்டு கேபின், 4+3: 3600, 1200, 1750. மொத்தம் 6550.

மூன்றாவது கணக்கையும் நான்காவது கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். எல்லோரையும் இரண்டு பால்கனி கேபினில் நெருக்கி அடைப்பதைவிட, மூன்று கேபின் எடுத்து ஒன்றை மட்டும் பால்கனியாக்குவது மலிவாக வருகிறது. அதோடு மூன்று பாத்ரூம். பால்கனி ஒன்று இருந்தால் ஏழு பேரும் அங்கேதான் வந்து உட்காரப் போகிறீர்கள். உங்களுக்கு வரும் உண்மையான விலைகளை இதே நான்கு கணக்கிலும் போட்டு ஒப்பிடுங்கள். சில தேதிகளில் 3ஆவது ஆளுக்கும் முழு விலையே வரும். அப்போது மூன்று கேபினுக்கும் இரண்டு கேபினுக்கும் வித்தியாசமே இருக்காது.

யார் எங்கே: மாமனாரும் மாமியாரும் ஒன்று. நீங்கள் இருவரும் 8 வயதுப் பெண்ணும் ஒன்று. நாத்தனாரும் பையனும் ஒன்று. காரணம், "பிள்ளைகளுக்கு இலவசம்" என்று ராயல் கரீபியன் விடும் சலுகை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, அதுவும் 3ஆவது, 4ஆவது ஆளாகப் பதிவானால் மட்டுமே. பெண்ணை நாத்தனாரோடு 2ஆவது ஆளாகப் போட்டால் சலுகை போச்சு. கப்பல் கிளம்பும் நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு. பையனுக்கு எப்படியும் கிடையாது. கிறிஸ்துமஸ், புத்தாண்டுத் தேதிகளை வழக்கமாக இந்தச் சலுகையிலிருந்து விலக்கிவிடுவார்கள் என்பதால் தேதியையும் சரிபாருங்கள். சலுகை கிடைத்தாலும் வரியும் கிராச்சுட்டியும் கட்டியே ஆகவேண்டும்.

டெக்9

நங்கூரம் சொன்ன 3+2+2 சரி. நான் 4 பேர் இன்சைட் கேபினைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஏஜென்ட்கள் இதைத்தான் யோசிக்காமல் கொடுக்கிறார்கள்.

பெரிய கப்பல்களில் இன்சைட் கேபின் ஏறக்குறைய 160 முதல் 180 சதுர அடி, பாத்ரூமும் அதற்குள்தான். நடுவில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள், சேர்த்தால் டபுள் பெட். 3ஆவது, 4ஆவது படுக்கை ரயில் அப்பர் பெர்த் போல மேலிருந்து இறங்கும் புல்மேன், அல்லது விரித்தால் படுக்கையாகும் சோஃபா. பல கேபின்களில் கீழ்க்கட்டில்கள் பிரிந்திருந்தால்தான் புல்மேனை இறக்க முடியும். அதாவது நான்கு பேர் என்றால் டபுள் பெட் இல்லை. ஏணி வைத்துவிட்டால் நடைவழி அடைபடும். ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கும் 72 வயதுக்காரரை அந்த அறையில் போடவே கூடாது.

இன்சைடில் ஜன்னல் இல்லாததால் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. பாத்ரூம் வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு திட்டு இருக்கும், தூக்கக் கலக்கத்தில் கால் தட்டுவது அங்கேதான். பெரியவர்களுக்குப் பால்கனி அல்லது ஓஷன்வியூ (கடல் பார்த்த ஜன்னல் உள்ள அறை) எடுப்பதில் காட்சியைவிட இந்த வெளிச்சம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பட்ஜெட் இடிக்கிறது என்றால், லைஃப்போட் மறைக்கும் ஓஷன்வியூ இருக்கிறதா என்று கேளுங்கள். கடல் பாதிதான் தெரியும், பகல் வெளிச்சம் முழுசாக வரும், விலையும் குறைவு. எது எடுத்தாலும் ஒரு சின்ன பேட்டரி நைட் லைட் கொண்டுபோங்கள்.

பாத்ரூமில் ஷவருக்குச் சிறு மடக்குப் பலகைகூட இல்லாத கேபின்கள் உண்டு. ஷவர் ஸ்டூல் வேண்டும் என்றால் கப்பல் கம்பெனியின் சிறப்பு உதவிப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். சக்கர நாற்காலி நுழையும் அகலமான கேபின்கள் தேவைப்படுவோருக்கென ஒதுக்கியவை, இடம் அதிகம் என்பதற்காகக் கேட்காதீர்கள்.

தென்றல்77

இருவருக்கும் நன்றி. மூன்று கேபின் என்று முடிவாகிவிட்டது. கேரண்டி கேபின் பற்றிச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்து அறை கிடைக்குமா? உள்ளே கதவு உள்ள அறைகள் எடுக்கலாமா?

மாலுமி வீதி

கேரண்டி என்றால் வகையை மட்டும் உறுதி செய்வார்கள், எண்ணை அவர்களே பிறகு ஒதுக்குவார்கள். ஜோடியாகப் போகிறவர்களுக்கு நல்ல பேரம். மூன்று கேபின் குடும்பத்துக்கு வேண்டாம். ஒன்று 6ஆவது டெக்கின் முனையிலும் மற்றொன்று 12ஆவது டெக்கின் பின்பக்கத்திலும் விழலாம். ஒதுக்கியபின் மாற்றித் தரச் சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது. கப்பல் நிறைந்திருந்தால் ரிசப்ஷனில் நின்றும் பயனில்லை. மிச்சமாகும் தொகைக்கு அது தகாது.

உள்கதவு உள்ள கனெக்டிங் அறைகளை டெக் பிளானில் இரண்டு அறைக்கு நடுவே ஒரு சின்னக் குறி காட்டும். கம்பெனிக்குக் கம்பெனி குறி மாறும், பிளானின் கீழே விளக்கம் இருக்கும். அதே விளக்கத்தில் 3 பேர், 4 பேர் கேபினுக்கும் தனிக் குறி உண்டு. குறியில்லாத கேபினில் மூன்றாவது ஆளைச் சேர்க்கவே முடியாது. கனெக்டிங் அறையின் ஒரே குறை, அந்தக் கதவு வழியாகச் சத்தம் தெளிவாகக் கேட்கும். இரண்டு பக்கமும் உங்கள் ஆட்களே என்றால் கவலையில்லை. ஒரு பக்கம் அந்நியர் வருவதாக இருந்தால் அந்த எண்ணைத் தவிருங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது வேறு. நடைவழியின் ஒரு புறம் பால்கனி, நேர் எதிரே இரண்டு இன்சைட். கதவைத் திறந்தால் இரண்டடியில் தாத்தா பாட்டி. கனெக்டிங் கிடைக்கவில்லை என்றாலும் இந்த அமைப்பு பெரும்பாலான பெரிய கப்பல்களில் கிடைக்கும். ஒவ்வொரு கேபினிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும் என்ற விதிக்கும் 3+2+2 பொருந்துகிறது. பதிவு ஒருபுறம், படுப்பது ஒருபுறம் என்று இருக்க விரும்பினால், கூடுதல் கீ கார்டு தருவார்களா என்று கப்பலில் கெஸ்ட் சர்வீஸில் கேளுங்கள். ஆனால் அவசரகாலக் கூடுமிடம் பதிவான கேபினை வைத்துத்தான், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

எந்த டெக் என்றால், மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கும் டெக்காகப் பாருங்கள். ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பலில் 14ஆவது டெக்கில் நீச்சல்குளமும் பஃபேயும் இருப்பதால் 13இல் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் இறங்கும். 7 முதல் 11 வரை நிம்மதி. முன்முனையில் துறைமுகம் சேரும்போது நங்கூரச் சத்தமும் த்ரஸ்டர் (கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் விசிறி) அதிர்வும் இருக்கும். நடுக்கப்பல் ஆட்டம் குறைவு என்று கூடுதல் விலை வைத்திருப்பார்கள். பினாங்கு, புக்கெட் போவது மலாக்கா நீரிணை வழி. டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்றுக்குத் தென்சீனக் கடல் புரளும் அளவுக்கு இங்கே புரளாது. ஆகவே ஆட்டத்துக்காகக் காசு கொடுக்க வேண்டாம். மாமனாரின் மூட்டுக்காக லிஃப்டிலிருந்து நாலைந்து அறை தள்ளி எடுங்கள். லிஃப்டை ஒட்டிய அறை வேண்டாம், பேச்சுச் சத்தம் ஓயாது.

நங்கூரம்

ஒன்று விட்டுப்போனது. 3 பேர் கேபின் காலியாகத் தெரிந்தும் மூன்றாவது ஆளைச் சேர்க்கும்போது "கிடைக்கவில்லை" என்று வரும். ஏஜென்டின் தவறில்லை. ஒவ்வொரு கூடுமிடத்துக்கும் லைஃப்போட் கணக்குப்படி இத்தனை பேர் என்று உச்சவரம்பு இருக்கிறது, கைக்குழந்தையும் ஓர் ஆள். அந்தப் பகுதி நிறைந்ததும் மேல்பெர்த்துகளைப் பூட்டிவிடுவார்கள். அப்போது கப்பலின் வேறு பகுதியில் உள்ள எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டிசம்பரில் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் விடுமுறை என்பதால் முதலில் தீர்வது இந்த 3, 4 பேர் கேபின்கள்தான். சீக்கிரம் போடுங்கள். இறுதித் தவணைக்கு முன் விலை இறங்கினால் திருத்தித் தருவார்களா என்றும் எழுத்தில் வாங்குங்கள்.

மூன்று கேபினுக்கு மூன்று புக்கிங் எண் வரலாம். அவற்றை இணைக்கச் சொல்லாவிட்டால் டைனிங் ரூமில் வேறு வேறு மேசை, வேறு வேறு நேரம் விழும்.

டெக்9

சாமான் பற்றி. கேபினில் பிளக் பாயின்ட் குறைவு. ராயல் கரீபியன் 2024 செப்டம்பர் முதல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அறவே தடை செய்துவிட்டது. பல யூஎஸ்பி போர்ட் உள்ள சார்ஜர் கொண்டுபோகலாம். எலெக்ட்ரிக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஸ்கேனிங்கில் எடுத்து வைத்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு வெந்நீர் பஃபேயில் கிடைக்கும், ஒரு ஃபிளாஸ்க் போதும். கேபின் சுவர் இரும்பு, காந்தக் கொக்கி நாலு வாங்கினால் துண்டும் பையும் தொங்கவிடலாம். பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போகும்.

விசா விஷயத்தில் கவனம்: கப்பல் திரும்பி வரும்போது சிங்கப்பூருக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள். ஏழு பேருக்கும் மல்டிபிள் என்ட்ரி இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.ஜி. அரைவல் கார்டும் (சிங்கப்பூருக்குள் நுழைய ஆன்லைனில் நிரப்பும் படிவம்) திரும்பி வந்து இறங்குவதற்கு முன் மறுபடி நிரப்ப வேண்டும்.