வளையத்துக்குக் கீழே நிற்கமாட்டேன் என்கிற நாலாம் நம்பர்

மூன்றாம்வாய்க்கால் (வட்டக்கச்சி)

எல்லோருக்கும் வணக்கம். அக்காவின் மகன், எனக்கு மருமகன். வயது 15, உயரம் ஆறடி ஒரு அங்குலம், எடை 58 கிலோ. கமுகு மாதிரி இருப்பான். பாடசாலையின் 16 வயதுக்குட்பட்ட கூடைப்பந்து அணியில் பவர் ஃபோர்வேட், அதாவது வளையத்துக்குக் கிட்ட நின்று விளையாடவேண்டிய நாலாம் நம்பர். பேருக்குத்தான் அது. போனில் பார்க்கிறதெல்லாம் தூரத்திலிருந்து வீசுகிறவர்களின் வீடியோ. ஆட்டத்திலும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொள்வான். கடைசி நாலு ஆட்டத்தில் வெளியிலிருந்து 31 தடவை வீசினான், 5 விழுந்தது. கணக்கு நானே கொப்பியில் எழுதியது.

ஒருக்கா சேர் ஏசி உள்ளே அனுப்பினார். முதுகில் இடித்தார்கள், நாலு பந்தைப் பறிகொடுத்தான், திரும்ப வெளியே ஓடி வந்துவிட்டான். அதற்குப் பிறகு உள்ளே போ என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான்.

எங்களிடம் சீமெந்துக் கோர்ட் ஒன்று. ஒரு பக்கப் பலகை மட்டும் உருப்படி, அதிலும் வளையம் சரிந்து கிடக்கிறது. வலைப்பந்துக் கம்பம் இரண்டு உண்டு. வெயில் தணிந்து நாலரைக்குப் பிறகு, கிழமையில் மூன்று நாள் பயிற்சி. இவனுக்கு முதலில் எதைப் பழக்குவது?

ஸ்காபரோ_சித்தப்பா

தம்பி, விடுங்கோ அவனை. முதுகைக் காட்டிக்கொண்டு வளையத்துக்குக் கீழே நிற்கிற காலம் போய்விட்டது. இன்றைக்கு நாலாம் நம்பர் என்றால் வெளியிலிருந்து வீசவேண்டும், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவேண்டும். ஆறடி ஒன்று வன்னிக்கு உயரம்தான், ஆனால் கொழும்பில் நல்ல அணி ஒன்றுக்குப் போனால் இவனைப் பந்து கொண்டுபோகிறவனாகத்தான் போடுவார்கள். இப்போதே உள்ளே பூட்டி வைத்தால் அங்கே என்ன செய்வான்?

எங்கள் ஊர் ரொறன்ரோவின் ராப்டர்ஸ் அணியில் இருந்த பாஸ்கல் சியாக்கத்தைப் பாருங்கோ. கமரூன்காரன். பதின்ம வயதின் பிற்பாதியில்தான் கூடைப்பந்தை ஒழுங்காகத் தொட்டவன். 2019 என்பிஏ (வட அமெரிக்கத் தொழில்முறை லீக்) இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் 17 வீச்சில் 14 விழுந்தது, 32 புள்ளி. அவனும் பவர் ஃபோர்வேட்தான்.

கனகராயன்

சித்தப்பா நல்ல உதாரணம் தந்தார். அந்த 14-இல் மூன்று புள்ளி வீச்சு எத்தனை? இரண்டு. மிச்சம் 12-உம் கோட்டுக்கு உள்ளே. ஓடிப்போய்ப் போட்டது, சுழன்று போட்டது, கிட்ட நின்று தொட்டு வைத்தது. வீடியோவில் பெடியன்கள் பார்க்காத பகுதி அது.

31-க்கு 5. இருக்கிறதை விட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போகிற கதை இது. அணியில் உயரமானவன் வெளியே நின்று வீசினால், விழாத 26 பந்தையும் யார் எடுத்தார்கள் என்று கொப்பியில் பாருங்கள் தம்பி. எழுதியிருக்க மாட்டீர்கள்.

இவன் பயப்படுகிறான் என்று நினைக்கவேண்டாம். நிற்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். முழங்கால் நேராக, பாரம் குதிக்காலில் நிற்கிறான் போல. அப்படி நின்றால் எண்பது கிலோக்காரனையும் யாரும் தள்ளிவிடலாம். முதல் இரண்டு கிழமை பந்தே கொடுக்காதீர்கள். கால் அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, பின்னால் நிற்கிறவனின் தொடையை இவன் தன் பின்புறத்தால் உணரவேண்டும். ஒரு கை மடங்கி அவனுக்கும் தனக்கும் நடுவே, மற்றக் கை பந்து கேட்டு விரிந்து உயர. எதிராளி வலப்பக்கம் நகர்ந்தால் இவனும் சின்னச் சின்ன அடியாக நகர்ந்து அவனை முதுகுக்குப் பின்னாலேயே வைத்திருக்கவேண்டும். ஒருவன் இடத்தைப் பிடிக்க, மற்றவன் பறிக்க, பத்து விநாடி. இதை விளையாட்டாக வையுங்கள், பெடியன்கள் சிரித்துக்கொண்டு செய்வார்கள்.

பிறகுதான் பந்து. இரண்டு காலும் ஒன்றாக நிலத்தில் படும்படி வாங்கவேண்டும். அப்படி வாங்கினால் எந்தக் காலையும் ஊன்றுகாலாக (இடம் மாறாமல் நின்று சுழல்கிற கால்) வைத்துக்கொள்ளலாம், எந்தப் பக்கமும் திரும்பலாம். ஒற்றைக் காலில் இறங்கினால் நடுவர் அந்தக் காலை ஊன்றுகாலாகக் கட்டிப்போட்டுவிடுவார். பந்து நாடிக்குக் கீழே, முழங்கை இரண்டும் வெளியே. இடுப்பளவுக்கு இறக்கினால் கட்டையாக இருக்கிற எந்தப் பெடியனும் தட்டிவிடுவான். நாலு பந்து பறிபோனது அப்படித்தான் என்று இங்கிருந்தே சொல்வேன்.

மூன்றாம்வாய்க்கால்

மாஸ்டர், நேரில் நின்று பார்த்தவர் மாதிரிச் சொல்கிறீர்கள். இரண்டு பந்து இடுப்பில் வைத்துத்தான் போனது. மற்ற இரண்டும் பந்தை நிலத்தில் தட்டப்போய்ப் போனவை.

கனகராயன்

வளையத்திலிருந்து இரண்டு அடிக்குள் நிற்கிறவன் எதற்குத் தட்டுகிறான்? ஒரு தட்டு என்றால் எதிராளிக்கு ஒரு தடவை கை நீட்ட இடம். டிராப் ஸ்டெப் ஒன்றைப் பழக்குங்கள், போதும். முதுகில் எந்தப் பக்கம் பாரம் படுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் காலைப் பின்னால் எடுத்து, எதிராளியின் காலைத் தாண்டி, வளையத்தைப் பார்த்து ஊன்றுவது. அந்த ஒரே அடியில் எதிராளி இவன் முதுகுக்குப் பின்னால் போய்விடுவான். மெத்தத் தேவையென்றால் இரண்டு கையாலும் ஒரு பலமான தட்டு, அதற்கு மேல் இல்லை.

நெளுக்குளம்_07

மாஸ்டர், வாசிக்க வடிவாக இருக்கிறது, ஆட்டத்தில் நடக்காது. எங்கள் பக்கம் எந்த அணியும் ஆளுக்கு ஆள் நிற்பதில்லை. எல்லோரும் 2-3 ஸோன், முன்னால் இரண்டு பேர், வளையத்தோரம் மூன்று பேர் என்று இடத்தைக் காப்பது. என்பிஏயில் தடுப்பவனும் தன் ஆளைக் காக்காமல் பெயின்ற்றுக்குள், வளையத்துக்கு முன்னால் உள்ள கட்டத்துக்குள், மூன்று விநாடிக்கு மேல் நிற்க ஏலாது. நாங்கள் விளையாடுகிற ஃபிபா (சர்வதேசச் சம்மேளனம்) விதியில் அந்தத் தடை இல்லை. மூன்று விநாடிக் கணக்கு தாக்குகிறவனுக்கு மட்டும்தான். எதிரணியின் உயரமானவன் ஆட்டம் முடியும்வரை வளையத்துக்குக் கீழேயே குடியிருக்கலாம். அந்த இடம் 4.9 மீற்றர் அகலம், அதற்குள் மூன்று பேர். முதுகுக்குப் பின்னால் ஒருவனை வைத்து மடக்கினால் முன்னால் இன்னொருவன் நிற்பான். நானும் நாலாம் நம்பர்தான், அடி வாங்கிய அனுபவத்தில் சொல்கிறேன்.

ஸ்காபரோ_சித்தப்பா

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஸோனை உடைக்க வெளியிலிருந்து வீசத் தெரியவேண்டும்.

நெளுக்குளம்_07

சித்தப்பா, 31-க்கு 5 வீசினால் ஸோன் உடையாது. எதிரணி பாட்டுப் பாடிக்கொண்டு நிற்கும் 😀 நான் உங்கள் பக்கமும் இல்லை.

கனகராயன்

தம்பி சொல்கிறதில் நியாயம் இருக்கிறது. ஸோனுக்கு எதிராக வளையத்துக்குக் கீழேயே காத்து நிற்பது பிழை, ஒத்துக்கொள்கிறேன். எண்ட் கோட்டோரம் ஒளிந்து நின்று, பந்து பக்கம் மாறுகிற கணத்தில் தண்ட எறிதல் கோட்டின் நடுவுக்கு ஓடி வரவேண்டும். அங்கே அவனுக்குப் பந்து கிடைத்தால் ஸோனின் நடு ஆள் மேலே ஏறித்தான் ஆகவேண்டும். ஏறினால் கீழே வெறுமை, ஏறாவிட்டால் கிட்ட நின்று வீசலாம். ஆனால் அங்கேயும் இரண்டு காலில் வாங்கி, நாடிக்குக் கீழே பிடித்து, திரும்பிப் பார்க்கிற அதே வேலைதான். வாங்கத் தெரியாதவன் எந்த இடத்தில் வாங்கினாலும் பறிகொடுப்பான்.

பாலைப்பழம்

நான் முல்லைத்தீவுப் பக்கம். பாடசாலைக் காலத்தில் வலைப்பந்தில் கோல் ஷூட்டர். மூன்றாம்வாய்க்கால் தம்பி, கோர்ட்டோரம் இரண்டு கம்பம் இருக்கிறது என்று எழுதினீர்கள், ஒருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பெடியன்கள் வலைப்பந்தைப் பெட்டைகளின் விளையாட்டு என்று ஒதுக்குகிறது பழைய வியாதி.

கம்பத்தின் உயரமும் 3.05 மீற்றர்தான். வளையம் 38 சென்ரிமீற்றர், உங்களுடையது 45. கூடைப்பந்து ஏறக்குறைய 24 சென்ரிமீற்றர், ஆகவே உள்ளே போகும், இடம்தான் குறைவு. அதில் கிட்ட நின்று போடப் பழகியவனுக்குப் பிறகு பெரிய வளையம் கிணறு மாதிரித் தெரியும்.

எங்கள் விளையாட்டில் பந்தைத் தட்ட விதி இல்லை. வாங்கின காலைத் தூக்கலாம், பந்து கையில் இருக்கும்போது திரும்ப நிலத்தில் வைக்க ஏலாது. அதனால் காற்றில் இருக்கும்போதே எந்தக் காலில் இறங்குவது என்று முடிவெடுத்தே பழகுவோம். மாஸ்டர் காலைப் பார்த்து இறங்கிப் பந்து வாங்கப் பழக்குங்கள் என்கிறது அதைத்தானே? யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2019 உலகக் கிண்ணத்தில் அதிக கோல் போட்டவர். ஆறடி பத்து அங்குலம் என்பதால் மட்டும் இல்லை. தலைக்கு மேலே தூக்கிப் போட்ட பந்தை இரண்டு கையாலும் எட்டிப் பிடித்து, கீழே இறக்காமல் அப்படியே போடுவார். உங்கள் மருமகனை ஒரு கிழமை எங்கள் பிள்ளைகளோடு விடுங்கள்.

ஸ்காபரோ_சித்தப்பா

அக்கா, மரியாதையோடு சொல்கிறேன், இரண்டு குறை இருக்கிறது. வலைப்பந்துக் கம்பத்தில் பலகை இல்லை. உள்ளே விளையாடுகிறவனின் பாதிச் சாப்பாடு பலகையில்தான். ரிம் டங்கன் பக்கவாட்டில் நின்று பலகையின் சின்னச் சதுரத்து மேல் மூலையில் பட்டு விழவைத்தே காலம் ஓட்டினார். இரண்டாவது, உங்கள் விளையாட்டில் ஷூட்டரைத் தடுக்கிறவர் மூன்று அடி தள்ளி நிற்கவேண்டும். இங்கே விலாவில் முழங்கை இருக்கும்.

பாலைப்பழம்

பலகை விஷயம் சரி. இடி விஷயத்தில், பந்துக்கு முன் இடம் பிடிக்கிற நேரத்தில் எங்கள் ஆட்டத்தை ஒருக்கா வந்து பாருங்கோ. அப்புறம் முழங்கையைப் பற்றிக் கதைப்போம்.

முழங்கால்_வைத்தியம்

நான் உடற்பயிற்சிச் சிகிச்சை செய்கிறவன். ஒரே ஒரு விஷயம். 15 வயது, கெதியாக வளர்கிற உடம்பு, சீமெந்துத் தரை. முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து நோகிறதா என்று கேளுங்கள். நொந்தால் குதிக்கிற பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள், நோவைச் சகித்துக்கொண்டு ஓடவிடவேண்டாம். 58 கிலோவை ஒரு மாதத்தில் 70 ஆக்கப்போய் புரத மாப்பெட்டி எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள். காலையில் கவுப்பி, முட்டை, பின்னேரம் கச்சான், இரவில் குளத்து மீன். தண்டால், ஒற்றைக் காலில் இருந்து எழும்புவது, உரப்பையில் அளவான மணல் நிரப்பித் தூக்கி நடப்பது. பக்கத்தில் பார்க்க ஒருவர் நின்றால் இந்த வயதில் பாரம் தூக்குவதால் வளர்ச்சி நிற்காது.

ஸ்காபரோ_சித்தப்பா

மாஸ்டரோடு ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறேன், அதையும் எழுதிவிடுகிறேன். ஜோர்ஜ் மைக்கன் என்று ஒருவர், தர்ஜினியின் அதே ஆறடி பத்து. தடித்த கண்ணாடி, தடுமாறுகிற கால். பல்கலைக்கழகத்தில் ரே மேயர் என்ற பயிற்றுநர் கயிறடிக்கவும் குத்துச்சண்டை போடவும் வைத்து ஆளை உருவாக்கினார். பிறகு அவரைச் சமாளிக்க ஏலாமல்தான் 1951-இல் என்பிஏ வளையத்துக்கு முன்னால் உள்ள பாதையை 6 அடியிலிருந்து 12 அடியாக அகட்டியது.

அவர் பேரில் ஒரு பயிற்சி இருக்கிறது. வளையத்துக்குக் கீழே நின்று, இடக்காலை ஊன்றி எழும்பி வலக்கையால் பலகையில் வைத்துப் போடுவது. வலையிலிருந்து விழுகிற பந்தைத் தோளுக்குக் கீழே இறக்காமல் பிடித்து, மறுபக்கம் வலக்காலை ஊன்றி இடக்கையால். நிற்காமல் அரை நிமிடம். இதற்கு எதிராளியும் தேவையில்லை. முதல் நாள் இடக்கை அழவைக்கும்.

ஆனால் வளையத்துக்கு முதுகு காட்டி ஆரம்பிப்பதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. 58 கிலோவுக்கு முதுகால் தள்ளி என்ன வரும்? பந்தை வாங்கி, திரும்பி, முகத்தைப் பார்த்து விளையாடட்டும்.

கனகராயன்

திரும்பி விளையாடட்டும், நல்லது. திரும்புவதற்கு முதல் முதுகால்தானே நிற்கவேண்டும்?

நெளுக்குளம்_07

இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சண்டை பிடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு உதவினது வேறு. டெனிஸ் ரொட்மன் ஆறடி ஏழு அங்குலத்தில் ஏழு சீசன் தொடர்ந்து என்பிஏ றீபவுண்டில், அதாவது விழாமல் தெறிக்கிற பந்தை எடுப்பதில், முதலிடம். தன் அணிக்காரர் ஒவ்வொருவரின் வீச்சும் எப்படிச் சுழன்று எந்தப் பக்கம் தெறிக்கும் என்று பார்த்து வைப்பாராம். உங்கள் கோர்ட்டில் வளையம் சரிவு என்றால் அது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று மருமகனுக்குத் தெரியாமல் இருக்க நியாயமே இல்லை.

மூன்றாம்வாய்க்கால் (பதினெட்டு நாளுக்குப் பிறகு)

நெல் வேலையால் எழுதப் பிந்திவிட்டது. முழங்கால் நோவு இருந்திருக்கிறது, சொல்லாமல் இருந்திருக்கிறான். குதிப்பைக் குறைத்தோம். அதனால் மாஸ்டர் சொன்ன பந்தில்லாத வேலைக்குத்தான் நேரம் கிடைத்தது. வைக்கோல் அடைத்த உரப்பையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெடியன்கள் பின்னால் இடிப்பார்கள், இவன் இடம் விடாமல் நிற்கவேண்டும். முதல் நாள் மூன்று விநாடி, இப்போது எட்டு.

பாலைப்பழம் அக்கா சொன்ன வலைப்பந்துக் கம்பத்துக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தான். பெட்டைகள் பார்த்துச் சிரித்ததும் வீம்புக்குப் போய், இப்போது இருட்டும்வரை அங்கேதான். மைக்கன் பயிற்சியில் இடக்கை இன்னும் அழுகிறது.

சனிக்கிழமை பக்கத்துப் பாடசாலையோடு ஒரு நட்பு ஆட்டம். 9 றீபவுண்ட், உள்ளே 4 கூடை. டிராப் ஸ்டெப்பில் மூன்று தடவை ட்ரவலிங் (பந்தோடு கால் நகர்த்திய பிழை) ஊதினார்கள். ஊன்றுகாலைக் கொஞ்சம் இழுக்கிறான். வெளியிலிருந்து இரண்டு வீசி ஒன்று விழுந்தது. சித்தப்பாவுக்காக அதையும் எழுதினேன்.

ஸ்காபரோ_சித்தப்பா

இரண்டுக்கு ஒன்று! பார்த்தீர்களா மாஸ்டர்.

கனகராயன்

ட்ரவலிங் மூன்றும் ஒரே பக்கம் திரும்பும்போதா? அப்படியென்றால் அவன் இரண்டு காலில் இறங்கவில்லை, வலக்கால் முந்திப் படுகிறது. சுண்ணாம்பால் ஒரு வட்டம் கீறி, இரண்டு பாதமும் ஒரே சத்தமாக அதற்குள் விழுகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

மூன்றாம்வாய்க்கால்

ஒரே பக்கம்தான் மாஸ்டர். நாளைக்குக் கேட்டுப் பார்த்து எழுதுகிறேன். வளையத்தை நிமிர்த்த வெல்டிங்காரர் வந்து நிற்கிறார், போகவேண்டும்.