கலைச்சொல்: பம்ப் ஸ்டியர் = மேட்டுத்திருப்பம்?

நண்பர்களே,

பழைய காரைத் தாழ்த்திக் கட்டுவோர் பலரும் சந்திக்கிற குறை இது. ஸ்டியரிங்கை அசையாமல் பிடித்திருந்தாலும், சக்கரம் மேலும் கீழும் போகையில் முன்சக்கரங்களின் டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உட்புறமோ வெளிப்புறமோ திரும்பியிருக்கும் அளவு) மாறுகிறது. தோற்றத்துக்காகக் காயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் கண்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் உடலோடு இணைத்து மேலும் கீழும் ஆடும் கை), டை ராடு (ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) இரண்டின் சாய்வும் மாறிவிடும்; குறை கூடும். ‘மேட்டுத்திருப்பம்’ சரிவருமா?

——

> மேட்டுத்திருப்பம்

மேட்டில் மட்டுமா? பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதும், பிரேக் பிடித்து முன்பக்கம் அமுங்கும்போதும் இதேதான். டை ராடின் முனை போகும் வில்லும், கண்ட்ரோல் ஆர்ம்களோடு நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) போகும் வில்லும் பொருந்தாததே காரணம். ‘ஏற்றிறக்கத் திருப்பம்’ என்பேன்.

விளக்கத்தில் அளவெடுப்பும் வரட்டும். கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு), டோ மூன்றையும் முதலில் சரிசெய்யவும். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி, ஹப்பில் (சக்கரத்தைப் பூட்டும் நடுப்பகுதி) தட்டையான தகட்டைப் பொருத்தவும். தகட்டின் முன்விளிம்பில் ஒரு டயல் கேஜ் (நுண்ணிய அசைவைக் காட்டும் முள்மானி), பின்விளிம்பில் ஒன்று. கார் இயல்பாக நிற்கும் உயரத்திலிருந்து ஜாக்கியால் ஹப்பை 10 மி.மீ. வீதம் 60 மி.மீ. வரை ஏற்றி, அதேபோல் இறக்கி, இரு கேஜ்களின் வித்தியாசத்தை உயரத்துக்கு எதிராக வரைபடத்தில் குறிக்கவும்.

வரைபடம் ஒரே சாய்கோடாக வந்தால் டை ராடின் உயரம் தவறு. ராக்குக்கு (டை ராடுகளை இடவலமாகத் தள்ளும் ஸ்டியரிங் பல்சட்டம்) அடியில் ஷிம் (மெல்லிய தகடு) அல்லது டை ராடின் வெளிமுனையில் ஸ்பேசர் (இடைவளையம்) வைத்துத் திருத்தலாம். ஏற்றினாலும் இறக்கினாலும் டோ ஒரே பக்கம் போனால் நீளம் தவறு. வேறு காரின் ராக்கைப் பொருத்தும்போது பெரும்பாலும் வருவது இதுவே. இங்கே ஷிம் உதவாது; டை ராடுகளின் உள்முனைகளுக்கு இடையிலான இடைவெளி பொருந்தும் ராக்தான் வேண்டும்.

——

ஏற்றிறக்கம் சரி. ஆனால் வெறும் ‘திருப்பம்’ என்றால் ஓட்டுநர் திருப்பியதாகிவிடும். ‘ஏற்றிறக்கத் தன்திருப்பம்’ என்போம். (புணர்ச்சிப்படி ‘தற்றிருப்பம்’, படிப்பவருக்குப் புரியாது, பிரித்தே எழுதலாம்.) உடல் சாய்வதால் வருவது சாய்வுத் தன்திருப்பம், ரப்பர் புஷ் நெகிழ்வதால் வருவது நெகிழ்வுத் தன்திருப்பம் என்று குடும்பமாகவே அமையும்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். கெட்டியான ஸ்பிரிங் போட்டால் கார் நேராகப் போவதுபோல் தோன்றும். சக்கரத்தின் அசைவு குறைந்ததால் குறை மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். சொகுசு போனதுதான் மிச்சம். தாழ்ந்த தோற்றம் வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை வெட்டாமல் டிராப் ஸ்பிண்டில் (சக்கர அச்சு மூலத்தைவிட உயரத்தில் அமைந்த நக்கிள்) போடுவதே மேல். பால் ஜாயின்ட்டுகளையும் (கண்ட்ரோல் ஆர்மையும் நக்கிளையும் இணைக்கும் பந்து மூட்டுகள்) ஸ்டியரிங் ஆர்மையும் (டை ராடு பூட்டும் கை) பொறுத்தவரை மூல அளவு மாறாத ஸ்பிண்டிலாக இருந்தால், ஆர்ம்களின் சாய்வும் ஸ்பிரிங்கின் அசைவும் அப்படியே இருக்கும். சில கார்களில் சிறிய ரிம்மின் உட்புறத்தில் டை ராடு முனை உரசும். வாங்குமுன் அளந்து பார்க்கவும்.

டிராப் ஸ்பிண்டிலுக்கு ‘தாழ்த்து அச்சுமுனை’ என்று வைத்திருக்கிறேன். நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.